அம்பிட்டியக் குருமடமும் கடல் கடந்து வந்த மாணவரும்

பேராதனை வழியாகக் கண்டிக்குச் செல்லும் ரயில்பாதை 1867இல் திறக்கப்பட்டது. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ கண்டியை அடுத்த அம்பிட்டியவில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவியபின், இந்திய மறைமாவட்டங்களின் இளைஞர்களும் அவ்வழியே வந்தனர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புவரை கப்பல். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியதும் கடற்பயணம் சுருங்கியது.

மண்ணின் மைந்தர்களையே குருக்களாக்குவது லியோவின் நோக்கம்; அக்காலத்துக்கு அது துணிவான முடிவு. ஆயினும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தவர்களுக்கு இலங்கை வேற்றுநாடே. மலைக்குளிர், சுற்றிலும் சிங்களம், வகுப்பில் பெல்ஜிய இயேசு சபையினர் கற்பித்த லத்தீன். பல மொழியினரான அவர்களுக்கு அந்த லத்தீனே பொதுமொழியாயிற்று.

1955இல் குருமடம் புனேக்கு மாறியது. அம்பிட்டியவில் இன்று இலங்கையின் தேசியக் குருமடம் இயங்குகிறது.