1971 ஏப்ரல் கிளர்ச்சியும் அந்நியப் படையுதவியும்

பொதுவுடைமையைத் தடுக்கும் பொருட்டு நிகழ்ந்த அந்நியப் படைத் தலையீடுகளை ஆராய்வோர் கொரியாவையும் வியட்னாமையுமே முதற்கண் எடுத்துக்கொள்வர். 1971 ஏப்ரலில் இலங்கையில் நிகழ்ந்ததோ அவ்வரிசையில் எளிதில் அடங்காது. 1965இல் வியட்னாமில் இறங்கிய அமெரிக்கப் படை ஓரணியின் சார்பில் மற்றோரணியை எதிர்த்தது. இங்கோ, கம்யூனிஸ்டுகளும் அங்கம் வகித்த சிறிமாவோ அரசாங்கத்துக்கு எதிராக மக்கள் விடுதலை முன்னணி எழுந்தபோது, அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும், தம்முட் பகைத்திருந்த இந்தியாவும் பாகிஸ்தானுங்கூட, அரசுக்கே உதவின. சீனா வட்டியில்லாக் கடன் வழங்கிற்று. இந்தியப் படையினர் கட்டுநாயக்க விமான நிலையத்தைக் காத்தனர்.

டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்குங்கால் இதிலொரு முரண் புலப்படும். முன்னணி தன் ஐந்து வகுப்புக்களுள் ஒன்றில் தோட்டத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்பு வாதத்தின் கருவியாகக் காட்டிற்று. புரட்சி பேசியோரே நாட்டின் பெரும் பாட்டாளித் திரளை விலக்கிவைத்தனர்; தோட்டங்களும் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. அதில் வியப்பென்ன? 1947 தேர்தலில் தோட்டத்து வாக்குகள் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்குகளைப் பறித்தன. மலையகத்தில் பொதுவுடைமைத் தடுப்பு, படையெதுவுமின்றி அன்றே நடந்தேறிவிட்டதென நாம் கருதுகிறோம்.

1964இல் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தஞ் செய்த அதே பிரதமரே 1971இல் இந்தியப் படையை வரவழைத்தார். அக்காலத்திலேயே தலைமன்னார்க் கப்பல் தோட்டத்து மக்களை இராமேசுவரத்துக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது.