அறமும் வாடகையும்
(சர் சிட்னி வாட்டர்லோ வரலாறு)

பொருளீட்டுதல் வேறு, அறஞ்செய்தல் வேறு என்று எண்ணுவார் நம்மிற் பலர். இளமை முதல் இலாபமொன்றையே நோக்கி உழைத்து, முதுமையில் ஒரு சத்திரமோ தண்ணீர்ப்பந்தலோ வைத்துவிட்டாற் கடமை தீர்ந்ததென்பது அன்னார் கருத்து. வாணிகத்தையே அறமாக நடத்தல் கூடுமோ? கூடுமாயின் எவ்வளவு கூடும்? இவ்வினாக்களை ஆராய்வார்க்கு, இலண்டன் மாநகரில் அச்சுத்தொழில் செய்து, நகரத் தலைவராகி, பார்லிமெண்டிலும் அமர்ந்து, தொழிலாளர்க்கு வீடு கட்டி வாடகைக்கு விட்ட சர் சிட்னி வாட்டர்லோ என்பாரது வரலாறு பெரிதும் துணை செய்யும்.

இவர் 1822-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் காகித வாணிகமும் அச்சுத்தொழிலும் நடத்தியவர். சிட்னி தம் பதினான்காம் வயதில், அரசாங்க அச்சு வேலை செய்துவந்த தம் மாமனிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர்க் குடும்பத் தொழிலிற் புகுந்து சகோதரரோடு கூடி அதனைப் பெருக்கினார். 1857-இல் நகரசபை அங்கத்தினரானார். போலீஸ் நிலையங்களை வீட்டுக் கூரைகளின்மீது கம்பியிழுத்துத் தந்தியால் இணைத்தது அக்காலத்தில் இவர் ஆற்றிய பணியாம். 1872-இல் இலண்டன் லார்டு மேயர் பதவி இவரை அடைந்தது.

அக்காலத்து இலண்டன் ஏழைகளின் நிலை இரங்கத்தக்கது. இருப்புப்பாதைக்கும் புதுத் தெருக்களுக்குமாக இடிக்கப்பட்ட வீடுகள் பல. இடிபட்டோர்க்கு மாற்றிடம் தருவார் அரியர். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுதும் உறங்குதலும், பல குடும்பத்தார் ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்தலும் வழக்கமாயின. காலரா அந்நகரைப் பலமுறை சூறையாடிற்று.

இந்நிலையில் 1862-இல், ஜார்ஜ் பீபாடி என்னும் அமெரிக்க வணிகர் இலண்டன் ஏழைகளின் நன்மைக்கென 1,50,000 பவுன் நன்கொடை அளித்தார். அஃது ஒரு வழி. வாட்டர்லோ பிறிதொரு வழியை மேற்கொண்டார். ‘கொடையாளர் எத்துணையர் கிடைப்பர்? வீடில்லாதாரோ பல்லாயிரவர். முதலிட்டவர்க்கு நியாயமான ஊதியம் கிடைக்குமென்று காட்டினால், கொடைக்கு வாராத செல்வமும் இப்பணிக்கு வந்து சேரும்’ என்பதே இவர் எண்ணத்தின் சாரம். பிறர் பணத்தைக் கேட்குமுன் தம் பணத்தையே சோதனைக்கு வைத்தது இவரது சிறப்பு. பின்ஸ்பரிப் பகுதியில் மார்க் தெருவில் 80 குடும்பங்கள் குடியிருத்தற்குரிய கட்டிடத்தைத் தம் செலவிலேயே எழுப்பினார். மிதமான வாடகையிலும் முதலுக்கு நல்ல ஊதியம் கிடைத்தது. உடனே 1863-இல், 50,000 பவுன் மூலதனத்தோடு ஒரு கம்பெனி நிறுவினார். பங்காளிகட்கு நூற்றுக்கு ஐந்து வட்டம் தருவதே அதன் நோக்கம். அதற்குமேல் ஆசைப்படுதலை அக்கம்பெனி மேற்கொள்ளவில்லை.

கட்டிட அமைப்பையும் சிறிது கூறுதும். பல அடுக்குகள் கொண்ட அக்கட்டிடங்களிற் படிக்கட்டுகள் காற்று உலவத் திறந்திருந்தன. பீபாடி கட்டிடங்களிற் குழாயும் கழிப்பிடமும் பலர்க்கும் பொதுவாயிருக்க, வாட்டர்லோ கட்டிடங்களில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அவை தனித்தனியே அமைந்தன. தனக்கென ஒரு கதவும், தனக்கென ஒரு குழாயும் உடையான் தன் வீட்டைப் பேணுவான். பொதுவாயதைப் பேணுவார் சிலரே. இவ்வுண்மையை உணர்ந்து கட்டினமையால் வீடுகள் விரைவிற் பழுதுறவில்லை.

தொழிலாளர் குடியிருப்புக்களுக்குக் குறைந்த வட்டியிற் கடன் கொடுக்க 1866-இல் இயற்றப்பெற்ற சட்டம் கம்பெனிக்கு உறுதுணையாயிற்று. 1868-இல் இவர் பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால், தாம் அறியாமலே தம் தொழிற்சாலை அரசாங்க ஒப்பந்தம் ஒன்றை ஏற்றிருந்த காரணத்தால் அடுத்த ஆண்டில் அவ்விடம் இழக்க நேர்ந்தது. பின்னர் 1874 முதல் 1885 வரை மெயிட்ஸ்டன், கிரேவ்ஸெண்டு என்னும் தொகுதிகளின் பிரதிநிதியாய் விளங்கினார். 1906 ஆகஸ்டு 3-ஆம் தேதி இவர் மறைந்தபோது, கம்பெனியின் 6,000 வீடுகளில் ஏறக்குறைய 30,000 மக்கள் வாழ்ந்தனர். ஓர் ஊரே அவர் முயற்சியால் எழுந்ததென்னலாம்.

இனி, குறையையும் மறையாது கூறுதல் வரலாற்று நெறி. நூற்றுக்கு ஐந்து தரவேண்டுமாயின் வாடகை தவறாது வரவேண்டும்; வாடகை தவறாது வரவேண்டுமாயின் நிலையான கூலி பெறுவோரையே குடிவைத்தல் வேண்டும். ஆகவே தச்சர், கொல்லர், அச்சுக்கோப்போர் முதலிய கைத்தொழிலாளர் பயன்பெற்றனர். துறைமுகத்தில் அன்றாடம் வேலை தேடி நின்ற கூலியாளும், தையலால் வயிறு வளர்த்த விதவையும் வாயிலுக்கு வெளியே நின்றனர். மேல்நிலையார் விட்டுவந்த அறைகளிற் கீழ்நிலையார் குடியேறி நாளடைவில் உயர்வர் என்று வாட்டர்லோ நம்பினார். ஆனால் மக்கட்பெருக்கமும் வாடகையேற்றமும் அந்நம்பிக்கையை முந்திச் சென்றன. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் இலண்டன் கவுண்டி கவுன்சில் பொதுப்பணத்தாலேயே வீடு கட்டத் தொடங்கியதற்கு இக்குறையும் ஒரு காரணமாம்.

வாடகை தரவியலாதார்க்கும் அவர் செய்தது உண்டு. 1873-இல், மருத்துவச் சாலைகளுக்காக ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆலயங்களிற் காணிக்கை திரட்டும் நிதி இவர் ஆதரவில் எழுந்தது. 1889-இல், ஹைகேட் குன்றின்மீது தமக்கிருந்த 25 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டத்தை, தோட்டமில்லாத மக்கட்கென நகருக்கு ஈந்தார். இன்றும் அது பொதுப் பூங்காவாகவே இருக்கின்றது. 1900-இல் அங்கு நிறுவப்பெற்ற சிலை, கையிற் குடையும் தொப்பியும் ஏந்திய எளிய தோற்றத்தோடு நிற்கின்றது.

அன்பர்களே! வள்ளுவனார் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்ததன் நுட்பம் இவர் வாழ்விற் புலனாகின்றது. தன்னைத் தானே தாங்கி நிற்கும் அறம் நெடுங்காலம் நிற்கும். ஆயின் ஒன்றும் கொடுக்கவியலாதார்க்கு அது கதவு திறவாது. அவர்க்கு ஈகையும் பொதுச்சபையும் வேண்டும். நம்மவருள் வீடு கட்டி வாடகைக்கு விடுவோர் பலர் உளர். குடியிருப்போர்க்குக் காற்றும் நீரும் கதவும் குறைவின்றிக் கொடுத்து, அளவான ஊதியத்தோடு அமைவதும் அறமே. சங்கத்துக்கென இடம் வாங்குங்காலும் வருவாயை மட்டும் எண்ணாது, அவ்வாயிலுக்கு வெளியே நிற்போர் யாரென்றும் எண்ணுவோமாக.