நான்காம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு: மதனப்பள்ளி மரபும் பள்ளி ஆலோசனையின் வரலாறும்

இந்தியப் பள்ளிகளில் வழிகாட்டலும் ஆலோசனையும் தொடங்கிய கதை ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் மனப்பாடம். 1938இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பயன்முறை உளவியல் துறை, 1941இல் பம்பாயில் பாட்லிபாய் தொடங்கிய தொழில் வழிகாட்டல் நிலையம், 1947இல் அலகாபாத் உளவியல் நிலையம், 1953இல் முதலியார் கல்விக் குழுவின் அறிக்கை, 1954இல் மத்திய வழிகாட்டல் நிலையம் என்று அது போகும். இதை நம்பினால், பள்ளி ஆலோசனை வேலைக்கு ஆள் பிரிக்கும் ஏற்பாடாகப் பிறந்தது என்றும், குழந்தையின் அச்சமும் தனிமையும் நட்பும் கோபமும் வெகுகாலம் கழித்தே அதன் கண்ணில் பட்டன என்றும் கொள்ள வேண்டியிருக்கும். இந்த வாசிப்பை ஏற்க முடியவில்லை. பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த மதனப்பள்ளியில் பிறந்த ஒருவரின் பெயரில் 1912இல் வெளிவந்த ஒரு சிறுநூல் வேறொரு தொடக்கத்தைக் காட்டுகிறது.

முதலில் முதலியார் குழுவின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பாடநூல்களின் வாசிப்புக்கு அதிகாரம் தந்தது அதுதான். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952 செப்டம்பரில் அமைந்த குழு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அறிக்கையை அளித்தது. அன்று சித்தூர் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது; ஆந்திர மாநிலம் பிறந்தது அக்டோபர் 1ஆம் தேதி. ஆக, மதனப்பள்ளியின் பள்ளிகள் குழுத் தலைவரின் சொந்த மாநிலத்துப் பள்ளிகள்.

வழிகாட்டலைப் பற்றி அறிக்கை நான்கு பரிந்துரைகளைச் செய்கிறது. கல்வி அதிகாரிகள் வழிகாட்டலில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். தொழில்களின் இயல்பை மாணவர் அறியத் திரைப்படங்கள் எடுக்க வேண்டும், தொழிலகங்களுக்கு நேரில் அழைத்துச் செல்லவும் வேண்டும். பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களும் தொழில் ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும். அவர்களுக்கான பயிற்சி மையங்களை மத்திய அரசு வட்டாரந்தோறும் திறக்க வேண்டும். வீட்டில் அடிபட்டு வரும் பிள்ளைக்கோ வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கோ இந்த நான்கில் எதிலும் இடமில்லை.

இதற்குக் காரணம் உண்டு. குழு பல்நோக்குப் பள்ளிகளை முன்மொழிந்தது. மானுடக் கலைகள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகளை வகுத்தது. பதினான்கு வயதுப் பிள்ளையை ஏழில் ஒன்றுக்கு அனுப்ப வேண்டுமானால் யாராவது ஒருவர் அளந்து பார்த்துச் சொல்லியாக வேண்டும். வழிகாட்டல் அலுவலர் அந்தத் தேவைக்கு வந்தவர். புதிய நாட்டுக்குத் தொழில்நுட்பம் தெரிந்த கைகள் வேண்டியிருந்த காலம் அது. குழுவின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் அதே அறிக்கையில் குணநலக் கல்விக்கென்று தனி இயல் ஒன்று இருக்கிறது. குணநலத்தை வளர்ப்பது எல்லா ஆசிரியர்களின் பொறுப்பு என்றும், ஒழுங்கு நிலவ ஆசிரியருக்கும் மாணவருக்கும் நேர்த்தொடர்பு வலுப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆலோசனைக்கு வேண்டிய விதை முழுவதும் இங்கே இருக்கிறது. இருந்தும் வழிகாட்டல் இயலின் பரிந்துரைகள் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் மனத்தைப் பற்றிய பேச்சு ‘ஒழுங்கு’ என்ற தலைப்புக்குள் போய்விட்டது. ‘வழிகாட்டல்’ பரிந்துரைகளில் தொழில் மட்டும் மிஞ்சியது. என் கருத்தில் 1953இன் பெரும் பிழை இந்தப் பிரிவினைதான். பின்வந்த பாடநூல்கள் வழிகாட்டல் இயலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னோடி தேடிப் பின்னோக்கிப் போய், 1938இல் நின்றுவிட்டன. குணநல இயலுக்கு முன்னோடி தேடியிருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள்.

அந்த வேறு இடம் பிரம்மஞான சபை இருந்த அடையாறு. ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் மதனப்பள்ளியில் பிறந்தவர். ஊர் அப்போது கடப்பை மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 2022 மறுபிரிப்பில் அன்னமய்ய மாவட்டத்துக்குப் போனது. அவருடைய தாய் 1905இல் இறந்தார். 1909இல் குடும்பம் அடையாறுக்கு வந்தபின் அவரும் தம்பி நித்யாவும் மயிலாப்பூரில் இருந்த பென்னாத்தூர் சுப்பிரமணியம் உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து போனார்கள். பாடம் ஏறாத பையன் என்று அங்கே அவர் அநேகமாக நாள்தோறும் அடிவாங்கியதையும், வெளியே நிறுத்தியவரை ஆசிரியர் மறந்துவிட, தம்பி வந்து வீட்டுக்கு அழைத்துப் போனதையும் வாழ்க்கை வரலாறு எழுதிய மேரி லட்யன்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

மூன்றே ஆண்டுகளில் அந்தப் பையன் பெயரில் ‘எஜுகேஷன் ஆஸ் சர்வீஸ்’ வெளிவந்தது. நூலின் பல யோசனைகள் தம் பள்ளிக்கால நினைவுகளிலிருந்து பிறந்தவை என்றும், சரியான முறை தவறான முறை இரண்டையும் தாமே அனுபவித்ததாகவும் முன்னுரை சொல்கிறது. என்னை நிறுத்தியது ஒரு பாடவேறுபாடு. 1910இல் அதே பெயரில் வந்த ‘அட் த ஃபீட் ஆஃப் த மாஸ்டர்’ நான்கு தகுதிகளைச் சொல்கிறது. வரிசை: விவேகம், பற்றின்மை, நன்னடத்தை, அன்பு. வேதாந்த நூல்களின் சாதன சதுஷ்டயம்தான் அது; முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை) இருக்க வேண்டிய நான்காம் இடத்தில் அன்பு நிற்கிறது. 1912 நூல் அதே நான்கையும் ஆசிரியருக்கும் மாணவருக்குமான உறவில் பொருத்திப் பார்க்கிறது. அப்போது வரிசை மாறுகிறது. கல்வியில் தலையாய தகுதி அன்பு என்றும், ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்வதாகவும் அறிவித்துவிட்டே நூல் நகர்கிறது. விவேகமும் பற்றின்மையும் நன்னடத்தையும் பிறகு வருகின்றன.

நான்கில் அன்பே முதன்மையானது என்று 1910 நூலும் சொல்கிறதே, வரிசை மாற்றத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் 1910இல் அந்த முதன்மை ஆன்மிகப் பாதையில் நடப்பவனுக்குச் சொன்னது. அதனால் வேதாந்த வரிசை குலையவில்லை. பள்ளி என்று வந்ததும்தான் வரிசை குலைகிறது. அன்பு முன்னே வந்துவிட்டால் நன்னடத்தைக்குத் தனி அதிகாரம் கிடையாது. முதலியார் குழு ஒழுங்கின் கீழ் வைத்த ஆசிரியர்–மாணவர் நேர்த்தொடர்பை இந்நூல் நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே ஒழுங்குக்கு மேலே வைத்துவிட்டது. அடியும் கடுஞ்சொல்லும் கூடாது என்று நூல் வாதிடுவது இந்த அடிப்படையில்தான்.

யார் கை இது? 1910 நூலில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டரின் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. 1912 நூலையும் அந்த ஐயம் விடாது. காசி மத்திய இந்துக் கல்லூரியில் அதே சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் செய்த பணியை முன்னுரையே புகழ்கிறது. பதினேழு வயதுப் பையனின் ஆங்கிலத்தைப் பெரியவர்கள் திருத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வரிசை மாற்றம் மட்டும் அடிபட்டவனின் முடிவு என்பது என் ஊகம். குரு ஒருவரின் வாக்காகப் போற்றப்பட்ட 1910 நூலின் வரிசையைச் சீடர் குழாத்தில் வேறு யாரும் எளிதில் கலைத்திருக்க மாட்டார்கள். இதைவிட வலுவான சான்று என் கையில் இல்லை.

அடுத்த கண்ணி இன்னும் மெலிந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி பள்ளி தொடங்கிய ஆண்டு எது என்பதிலேயே இரண்டு கணக்கு உண்டு: நிலம் தேர்ந்த 1926 என்பது ஒன்று, பள்ளியாக உருக்கொண்ட 1930களின் தொடக்கம் என்பது இன்னொன்று. இடையில் 1929 ஆகஸ்டில் கிருஷ்ணமூர்த்தி தம்மைத் தலைவராகக் கொண்டிருந்த விண்மீன் சங்கத்தையே கலைத்துவிட்டார். குரு, சீடன் என்ற சட்டகம் முழுவதையும் உதறினார். ஆகவே 1912 நூல் ரிஷி வேலியின் மூலநூல் என்று சொல்வது தவறாகும். என் வாதம் அவ்வளவு தூரம் போகவில்லை. முதலியார் அறிக்கை வந்த அதே 1953இல் அவருடைய ‘எஜுகேஷன் அண்ட் த சிக்னிஃபிகன்ஸ் ஆஃப் லைஃப்’ வெளிவந்தது. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுவது அச்சத்தை வளர்க்கும், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் கூர்ந்து கவனிக்க வேண்டும், அதற்குப் பள்ளி சிறியதாக இருக்க வேண்டும் என்று அது வாதாடுகிறது. சட்டகம் போனபிறகும் பொறுப்பு ஆசிரியரிடமே நின்றது. விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நிலையில் ஓர் ஆசிரியர் இருப்பதும், அந்திவேளையில் பிள்ளைகள் மேட்டில் அமைதியாக அமரும் அஸ்தாசலமும் அந்தப் பள்ளியில் பழகிப்போனவை.

ரிஷி வேலிப் பள்ளத்தாக்கைவிட்டு இந்த மரபு வெளியே வந்தது கற்றல் ஏணி வழியாக. சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று ரிஷி வேலி உருவாக்கிய பல்வகுப்புக் கற்பித்தல் முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலாகி, 2007 முதல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. கம்பிப்பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை, அட்டைகள் என்றுதான் அதைப் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் கவனிப்பது ஏணியை. அறுவடைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளை விட்ட அட்டையிலிருந்து தொடங்கலாம். பின்தங்கிவிட்டாய் என்று எல்லோர் முன்னும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பாயில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறது. சமூக, மனவெழுச்சி வளர்ச்சி என்று இன்று பெயரிட்டு அழைப்பதில் பெரும்பகுதி இதில் அடங்கும். ஆலோசனை வரலாற்றில் இதைச் சேர்க்காதது அந்த வரலாற்றின் குறை.

அதிகாரப்பூர்வ மரபும் மாறாமல் நிற்கவில்லை. கோத்தாரி குழு 1966இல் வழிகாட்டலைத் தொடக்கப் பள்ளியின் கீழ்வகுப்பிலிருந்தே தொடங்கச் சொன்னது. அதைக் கல்வியின் பிரிக்கமுடியாத பகுதி என்றது. பத்து இடைநிலைப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகராவது வேண்டும் என்றது. பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்றால் பிள்ளையின் பெயரைக்கூட அவர் அறிய வாய்ப்பில்லை.

இதற்கிடையே வேறொன்று வளர்ந்தது. நுழைவுத்தேர்வுக்கான விடுதிக் கல்லூரிகள் ஆந்திரமெங்கும் பெருகின. திருப்பதியும் அதற்கு விலக்கில்லை. மாணவர் தற்கொலைகளை ஆராய 2001இல் நீரதா ரெட்டி குழுவும் 2017இல் சக்கரபாணி குழுவும் அமைக்கப்பட்டன. விசாகப்பட்டினத்தில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவியின் சாவு தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நாடு முழுமைக்கும் நெறிமுறைகளை வகுத்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு வகுப்புப் பிரிப்பதையும் எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஆசிரியர், பணியாளர் அனைவரும் ஆண்டுக்கு இருமுறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி பெற வேண்டும்.

ஆலோசகர் ஏன் வேண்டும் என்பதற்கு 1912 நூலிடம் விடை கிடையாது. எல்லாப் பொறுப்பையும் ஆசிரியரிடமே வைக்கும் அதன் நிலைப்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மயிலாப்பூரில் அடித்தவரே ஆசிரியர். தாயற்ற பையன் அந்தப் பள்ளிக்குள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்? அவனை அழைத்துப்போக வந்தவன் அவனைவிடச் சின்னவன். வகுப்புக்கு வெளியே, மதிப்பெண் போடும் கைக்கு வெளியே, காதுகொடுக்க ஒரு பெரியவர் தேவை. அந்த வகையில் முதலியார் குழு தனி அலுவலர் கேட்டது சரியே. அவர் கையில் தொழில் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பியதுதான் தவறு.

திருப்பதியின் விடுதிகளில் இப்போது நியமனம் பெறும் ஆலோசகர்களுக்கு என்ன வேலை பங்கிடப்படுகிறது என்பதைப் பார்த்தால் எந்த மரபு நிலைத்தது என்று தெரியும். தேர்வு அட்டவணையும் கல்லூரிச் சேர்க்கை ஆலோசனையும் அவர்கள் மேசைக்கு வருமானால் 1953 இன்னும் முடியவில்லை என்று பொருள். ஆசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் உரிய அந்த ஆண்டுக்கு இருமுறை மனநல முதலுதவிப் பயிற்சியும் ஆலோசகர் நியமனத்தோடு சேர்ந்தே கணக்கெடுக்கப்பட வேண்டும். நியமன எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாறு பழைய வரிசையில் இன்னொரு ஆண்டைத்தான் சேர்க்கும்.