துவக்கு வாயில் ஒரு குவளை

அன்சாக் தின நிகழ்ச்சி ஒலிபரப்பான மறுநாள் மெல்பேர்னிலிருந்து ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். பேரனின் பாடசாலைப் புத்தகத்தில் ஒரு படமாம். அவுஸ்திரேலியச் சிப்பாய் ஒருவர் முழங்காலில் இருக்கிறார். துவக்கின் அடிப்பாகம் மண்ணில் ஊன்றியிருக்கிறது, வாய்ப்பக்கம் வானத்தைப் பார்க்கிறது, அந்த வாயிலே ஒரு தகரப் பேணி. "தம்பி, அது என்ன, தேத்தண்ணிப் பேணியோ?" என்று கேட்டார். ஒலிபரப்பில் இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னேன். சொல்லாமல் விட்டது நிறைய என்பதால், இந்த மாத உரையை அதற்கே ஒதுக்கினேன். அந்த உரையின் எழுத்து வடிவம் இது.

ஆயுதங்களைப் பற்றி எங்கள் வானொலியில் ஏன் பேச வேண்டும், அதிலிருந்து தப்பித்தானே இங்கு வந்தோம் என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பேரப்பிள்ளைகள் இந்த நாட்டுப் பாடப்புத்தகத்தில் இவற்றைப் படமாகப் பார்க்கிறார்கள். நாங்கள் இவற்றை மறுமுனையில் இருந்து அறிந்தவர்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசக்கூடியவர்கள் எங்கள் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

படத்தில் இருப்பது தேத்தண்ணிப் பேணி அல்ல. அது கைக்குண்டை வைத்துச் சுடும் குவளை. அதன் உள்விட்டம் இரண்டரை அங்குலம். அது எதற்காக வந்தது என்று விளங்கிக்கொள்ள ஒரு சின்ன அளவுக் கணக்கு போதும். ஒரு திடகாத்திரமான மனிதன் கைக்குண்டை எறிந்தால் அது முப்பது யார் தூரம் போகும். மூன்றங்குல மோட்டார் ஆயிரம் யாருக்கு மேல் அடிக்கும், ஆனால் அதன் பாரம் நூறு இறாத்தலுக்கு மேல். அதைப் பிரித்துச் சுமக்கப் பல ஆட்கள் வேண்டும். முப்பது யாருக்கும் மோட்டாருக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. எதிரி பதுங்குகுழி வெட்டி இருப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். நேரே போகும் ரவை பதுங்குகுழிக்குள் இறங்காது. மேலே எழும்பிக் கீழே விழும் ஒன்றுதான் இறங்கும்.

இந்த இடைவெளியை அவுஸ்திரேலியர்கள் முதலில் உணர்ந்தது 1915 இல், கலிப்போலியில். துருக்கியரிடம் கைக்குண்டுகள் இருந்தன, இவர்களிடம் போதியளவு இல்லை. கரையோரத்தில் ஒரு சிறு பட்டறையே வைத்து, வெறும் ஜாம் தகரங்களுக்குள் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்து, திரி வைத்துக் குண்டு செய்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் லோன் பைன் சமர் பெரும்பகுதியும் இத்தகைய குண்டுகளை மாறி மாறி எறிந்து நடந்த சமர்தான். அதில் ஏழு பேருக்கு விக்ரோறியா சிலுவை கிடைத்தது. இலங்கையருக்கு இன்னொரு செய்தி: அன்சாக் படைத் தளபதி பேர்ட்வூட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றவர்கள் இலங்கைத் தோட்டத்துரைமாரின் றைபிள் படையினர். தேயிலைத் தோட்டங்களில் எங்கள் மலையக மக்களை வேலை வாங்கிய அதே வெள்ளைக்காரத் துரைமார்தான்.

துவக்கால் குண்டை அனுப்பும் யோசனை அப்போதே இருந்தது. மார்ட்டன் ஹேல் என்ற ஆங்கிலேயர் போருக்கு முன்னரே ஒன்றைச் செய்திருந்தார். குண்டின் அடியில் ஒரு நீண்ட உருக்குக் கம்பி இருக்கும், அது துவக்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கும். வெற்றுத் தோட்டா ஒன்றைச் சுட்டால் கம்பியும் குண்டுமாகப் பறக்கும். போகத்தான் போனது, ஆனால் துவக்குக் குழாய் வீங்கிப் பழுதாகிவிடும். கணக்குப் பார்க்கிற தொழிலில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மலிவான சாமான் ஒன்றை அனுப்புவதற்காக விலையுயர்ந்த சாமானைக் கெடுக்கும் எந்த ஏற்பாடும் நீடிக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது குவளை. பிரெஞ்சுக்காரர் 1916 இல் தங்கள் துவக்கு வாயில் குவளை பொருத்தினார்கள். அவர்களுடைய குண்டின் நடுவே துளை இருக்கும். சாதாரண ரவை அந்தத் துளை வழியே போக, பின்னால் வரும் வாயு குண்டைத் தள்ளும். பிரித்தானியர் வேறு வழி போனார்கள். பேர்மிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மில்ஸ் 1915 இல் வடிவமைத்த கைக்குண்டு ஏற்கனவே இலட்சக்கணக்கில் உற்பத்தியாகிக் கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு வட்டத் தகட்டைப் பூட்டி, குவளைக்குள் வைத்து, வெற்றுத் தோட்டாவால் அனுப்பினார்கள். கையாலும் எறியலாம், துவக்காலும் அனுப்பலாம். இதுதான் 36 ஆம் இலக்கக் குண்டு. வெப்ப நாடுகளில் ஈரம் புகாதபடி அரக்குப் பூசிய வகைக்கு 36 எம் என்று பெயர். 'எம்' என்பது மெசப்பொத்தேமியா, அதாவது இன்றைய ஈராக். இந்தியப் படைகள் பெருந்தொகையாகப் போய்ப் போரிட்ட களம் அது.

அன்னாசிப்பழம் போல அதன் மேலே கோடுகள் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். சிதறுவதற்காக வெட்டியவை என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் சேறு பூசிய கையிலும் வழுக்காமல் பிடிக்க வைத்த கோடுகள் அவை. குண்டு அந்தக் கோடுகளின்படி உடைவதில்லை.

குவளை வந்தபின்னும் துவக்கு தப்பவில்லை. ஒரு இறாத்தலும் பதினொரு அவுன்சும் பாரமான இரும்பைத் தள்ளும்போது பின்னுதை மிகக் கடுமையானது. ஆகவேதான் படத்தில் உள்ள சிப்பாய் துவக்கைத் தோளில் வைக்காமல் மண்ணில் ஊன்றியிருக்கிறார். இதற்கென்று தேய்ந்த, பழைய துவக்குகளை ஒதுக்கி, மரம் பிளந்து சிதறாதபடி முன்பகுதியில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கினார்கள். 'ஈ.வை' என்று எழுத்துப் பொறித்த இந்தத் துவக்குகளால் அவசரத்துக்கு அன்றிச் சாதாரண ரவை சுடுவதில்லை.

சிட்னிக்காரர்களுக்கு இந்தத் துவக்கு அந்நியமானதல்ல. நீல மலைகளுக்கு அப்பால் உள்ள லித்கோ நகரில் 1912 இல் திறக்கப்பட்ட சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இயந்திரங்கள் வந்தது அமெரிக்காவிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா நான்காம் இலக்கத் துவக்குக்கு மாறியது. லித்கோவும் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் பழைய முதலாம் இலக்கத்தையே தொடர்ந்து செய்தன. புதிய துவக்கின் வாய் வேறு மாதிரி, பழைய குவளை அதில் பூட்டாது. ஆகவே குவளையின் ஆயுள் இந்த இரு நாட்டுப் படைகளிலும் நீண்டது.

இனி வினாடிக் கணக்குக்கு வருகிறேன். என் மனதை அதிகம் பிடித்தது இதுதான். 36 ஆம் இலக்கக் குண்டின் திரி முதலில் ஏழு வினாடி எரிந்தது. குவளையிலிருந்து இருநூறு யார் தூரம் போகும் குண்டு ஆகாயத்தில் இருக்கும் நேரம், காற்றுத் தடையை விட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஆறு வினாடி. விழுந்து ஒரு வினாடியில் வெடிக்கும். கணக்கு நேர். அதே குண்டைக் கையால் முப்பது யார் எறிந்தால் இரண்டரை வினாடியில் விழுந்துவிடும். மிச்சம் நாலரை வினாடி எதிரியின் கையில். அந்த நேரத்தில் விலகி ஓடலாம், அல்லது எடுத்துத் திருப்பி எறியலாம். 1940 இல் பிரான்சில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு கைக்குண்டுத் திரியை நான்கு வினாடியாகக் குறைத்தார்கள். குவளைக்கு மட்டும் ஏழு வினாடி தொடர்ந்தது. அதாவது ஒரே குண்டு, இரண்டு திரி. நான்கு வினாடித் திரியோடு குவளையில் வைத்து நீண்ட தூரம் அனுப்பினால் நடுவானில் வெடிக்கும்.

குண்டைத் திருப்பி எறிவது வெறும் கதையல்ல. 1945 மே மாதம் பர்மாவின் தவுங்டோவில் லச்சுமன் குருங் என்ற கூர்க்கா வீரர், தன் குழிக்குள் விழுந்த இரண்டு யப்பானியக் குண்டுகளை எடுத்து எறிந்தார். மூன்றாவது அவர் கையிலேயே வெடித்தது. விரல்கள் போயின, வலது கண் போனது. இடது கையால் மணிக்கணக்கில் துவக்கை இயக்கினார். விக்ரோறியா சிலுவை பெற்று, 2010 இல் காலமானார்.

வினாடி எண்ணுவதை எங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எண்பதுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். கோட்டையில் "குத்துற" சத்தம் கேட்டால் பெரியவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். எண்ணி முடிவதற்குள் பிள்ளைகள் பங்கருக்குள் இறங்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி எண்ணுவதற்குப் பதிலாகத் தேவாரம் சொல்வார். எந்த அடியில் விழும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அது இந்தக் குவளைக் குண்டு அல்ல, மோட்டார் எறிகணை. ஆனால் மேலே போனது கீழே வர எடுக்கும் நேரம்தான் இரண்டிலும் விடயம்.

இலங்கையும் இந்தக் கதையில் நேரடியாக வருகிறது. பலருக்குத் தெரியாத பகுதி இது. 1942 இல் சிங்கப்பூர் விழுந்தபின், மத்திய கிழக்கிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த அவுஸ்திரேலிய ஆறாவது டிவிசனின் இரண்டு பிரிகேட்டுகள், 16 ஆவதும் 17 ஆவதும், இலங்கையைக் காக்க இறக்கப்பட்டன. 16 ஆவது நியூ சவுத் வேல்ஸ்காரர், 17 ஆவது விக்ரோறியாக்காரர். மார்ச் முதல் யூலை வரை தென்மேற்கு இலங்கையில் இருந்தார்கள். ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன, ஆனால் தரைப்படை வந்திறங்கவில்லை. பாலைவனத்தில் போர் செய்து வந்தவர்கள் அங்கே றப்பர்த் தோட்டங்களிலும் காடுகளிலும் பயிற்சி எடுத்தார்கள். மழை, சேறு, அட்டை, பத்து யாருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பற்றை. இரண்டு மூன்று மாதத்தில் நியூகினியில் தேவைப்பட்ட பாடம் அதுதான்.

16 ஆவது பிரிகேட் அந்த ஆண்டு ஒக்டோபரில் கொக்கோடாப் பாதையில் ஏறியது. இயோரா ஓடையில் யப்பானியர் மேட்டில் மரக்கட்டைகளால் பதுங்குகுழி அமைத்துக் காத்திருந்தார்கள். ஒக்டோபர் 22 முதல் 28 வரை நடந்த சண்டையில் பிரிகேட்டில் ஏறக்குறைய முந்நூறு பேர் கொல்லப்பட்டோ காயப்பட்டோ போனார்கள். 17 ஆவது பிரிகேட் 1943 ஜனவரியில் வாவ் விமானத்தளத்தைக் காக்க விமானத்தில் கொண்டுபோய் இறக்கப்பட்டது.

அங்கே இவர்கள் எதிர்கொண்ட யப்பானியர் அந்த முப்பது யார் இடைவெளிக்குத் தனியாக ஒரு கருவியே செய்து வைத்திருந்தார்கள். 89 ஆம் வகைக் குண்டு எறியி, பாரம் பத்து இறாத்தல், ஒரே ஆள் தூக்குவார், அறுநூறு மீற்றருக்கு மேல் அடிக்கும். அதன் வளைந்த அடித்தகட்டைக் கண்டு 'முழங்கால் மோட்டார்' என்று நேச நாட்டுப் படையினர் பெயர் வைத்தார்கள். அதை உண்மையில் தொடையில் வைத்துச் சுட்டால் எலும்பு முறியும், தரையில்தான் வைக்க வேண்டும். அதனோடு ஒப்பிட்டால் குவளை ஏழைப்பட்ட ஏற்பாடு. ஆனால் மலைப்பாதையில் ஒவ்வொரு இறாத்தலையும் பப்புவா மக்கள் முதுகில் சுமந்த இடத்தில், ஏற்கனவே கையில் இருக்கும் துவக்குக்கும் பையில் இருக்கும் குண்டுக்கும் ஒரு குவளை மட்டும் கூடுதல் பாரம் என்பது சின்ன விடயமல்ல. இன்னொரு நன்மை, மோட்டார்க் குண்டு மரக்கிளையில் பட்டாலே வெடிக்கும். திரி வைத்த குண்டு கிளையில் பட்டாலும் தன் நேரம் வரும்வரை வெடிக்காது. அது கிளையில் தெறித்து எங்கே விழும் என்பது வேறு பிரச்சினை.

குவளையைக் கையாண்டவர்கள் பயந்தது இன்னொன்றுக்கு. குண்டின் ஊசியை இழுத்தபின் நெம்பைப் பிடித்து வைத்திருப்பது குவளையின் சுவர் மட்டுமே. தோட்டா வெடிக்காமல் போனால், உயிருள்ள குண்டு உங்கள் துவக்கு வாயில் குந்தியிருக்கும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியர் சுழல்வரி வெட்டிய குவளை வைத்தார்கள். அமெரிக்கர் குவளையை விட்டு, துவக்கு வாயில் ஒரு குழாய் பொருத்தி, வால் உள்ள குண்டை அதன் மேலே செருகினார்கள். பிரித்தானியர் 1940 இல் தாங்கியை உடைக்க 68 ஆம் இலக்கக் குண்டைக் குவளைக்கே செய்தார்கள். போருக்குப் பின் பெல்ஜியத்தின் எனர்கா வந்து 1950 இல் கொரியாவுக்குப் போனது. 1961 இல் அமெரிக்கர் 40 மில்லிமீற்றர் எம் 79 ஐக் கொண்டுவந்தார்கள். அது தோளில் வைத்தே சுடக்கூடிய தனிக் கருவி. வியட்நாமில் அவுஸ்திரேலியரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். குவளையின் காலம் அத்தோடு முடிந்தது. லித்கோவில் இப்போது செய்யப்படும் அவுஸ்திரேலிய இராணுவத் துவக்கின் அடியில் 40 மில்லிமீற்றர் குழாய் ஒன்றைப் பூட்டலாம்.

குவளை போனாலும் குண்டு போகவில்லை. இந்திய இராணுவம் 36 ஆம் இலக்கத்தைப் பல தசாப்தங்கள் வைத்திருந்தது. 1987 இல் யாழ்ப்பாணம் வந்த படையின் கைக்குண்டும் அந்த வழியில் வந்ததுதான். புதிய வகைக் குண்டு அதற்குப் பதிலாக வழங்கத் தொடங்கியது 2021 ஆகஸ்டில். மில்ஸ் அதை வரைந்து நூற்றாறு வருடத்துக்குப் பிறகு.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். காலி, களுத்துறைப் பக்கம் 1942 இல் வேலை பார்த்த உத்தியோகத்தர், கடைக்காரர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருப்பீர்கள். அவுஸ்திரேலியச் சிப்பாய்களைக் கண்டது பற்றி அப்பா, அம்மம்மா சொன்ன கதை ஏதும் நினைவிருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். படம் இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு மூலப்படத்தைத் திருப்பித் தருவோம். அடுத்த அன்சாக் தின நிகழ்ச்சிக்கு அவற்றைத் தொகுக்கும் எண்ணம் இருக்கிறது.