திமிங்கலத்துக்கு ஒரு மண்டபம்

கொழும்பு தேசிய நூதனசாலையின் முன்றலில் சேர் வில்லியம் ஹென்றி கிரகரியின் சிலை நிற்கின்றது. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர் அவர். தமது பதவிக்காலத்தின் இறுதியில், 1877 ஜனவரி 1ஆம் திகதி, அந்த நூதனசாலையைத் திறந்துவைத்தார். பாடசாலைச் சுற்றுலா என்று கொழும்புக்குப் போன எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் அச்சிலையைக் கடந்துதான் உள்ளே சென்றோம். ஆனால் அதே கிரகரி, இலங்கைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாக முன்னரே, உலகப் புகழ்பெற்ற இன்னொரு நூதனசாலை உருவாகாமல் தடுக்க முயன்றவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அவர் தடுக்க முயன்றது லண்டன் சவுத் கென்சிங்டனில் இன்று நிற்கும் இயற்கை வரலாற்று நூதனசாலையை.

கதை பிரித்தானிய நூதனசாலையில் தொடங்குகின்றது. சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் சேர்த்துவைத்த பொருட்களை 1753இல் அரசு வாங்கியது. ஜமெய்க்காவின் அடிமைத் தோட்டங்களிலிருந்து அவர் குடும்பத்துக்கு வந்த பணமும் அந்தச் சேகரிப்பின் பின்னால் இருந்தது என்பதை இப்போது அந்நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கின்றது. 1759இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தபோது, எழுத்தில் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களே உள்ளே போகலாம். சிறு பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை. நூதனசாலை என்பது படித்த பெரியவர்களுக்கு உரியது என்ற எண்ணம் அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

நூறாண்டு கழித்து அங்கே இயற்கை வரலாற்றுப் பகுதிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரிச்சர்ட் ஓவன். 1842இல் 'டைனோசர்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் இவரே. மேதை, ஆனால் சக அறிஞர்களுடன் ஒத்துப்போகாதவர். எலும்புக்கூடுகளும் பறவைகளும் பாறைகளும் இடமின்றி நெருக்குண்டு கிடப்பதைக் கண்டு, இவற்றுக்கெனத் தனியாக ஒரு பெருங்கட்டிடம் வேண்டும் என்று 1859இல் திட்டம் வரைந்தார். எல்லாவற்றையும் பொதுமக்களின் கண்முன் வைக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். முழுத் திமிங்கலங்களை நிறுத்தும் அளவுக்கு மண்டபம் கேட்டார். திமிங்கலத்தைச் சாதாரண மனிதன் வேறெங்கே பார்க்க முடியும் என்பது அவர் வாதம்.

இங்கேதான் கிரகரி வருகிறார். அப்போது அவர் அயர்லாந்தின் கோல்வே தொகுதி உறுப்பினர். 1860இல் பிரித்தானிய நூதனசாலை பற்றி ஆராய்ந்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். சேகரிப்புகளைப் புளூம்ஸ்பரியிலிருந்து அகற்றத் தேவையில்லை என்று அக்குழு முடிவு கூறியது. அடுத்த ஆண்டு, ஓவன் போன்ற பெரிய மனிதர் இத்தகைய பைத்தியக்காரத்தனமான வீண்செலவுத் திட்டத்துடன் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற பொருள்பட அவர் சபையில் பேசினார். திமிங்கல மண்டபம் பலரின் நகைப்புக்கு இடமாயிற்று.

கிரகரியை வில்லனாக்கிவிடுவது நியாயமாகாது. நகரின் மையத்திலுள்ள புளூம்ஸ்பரிக்கு உழைப்பாளிகள் நடந்தே வரலாம், கென்சிங்டனோ தூரம் என்ற வாதத்திலும் உண்மை இருந்தது. அறிஞர்கள் பக்கமும் எதிர்ப்பு இருந்தது. எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தால் பார்ப்பவர் குழம்பிப் போவார். பொதுமக்களுக்குத் தெரிந்தெடுத்த சிலவற்றைக் காட்டினால் போதும், மற்றவை ஆய்வாளருக்கென உள்ளே இருக்கட்டும் என்று 1858இலேயே ஒன்பது அறிஞர்கள் அரசுக்கு மனுக்கொடுத்திருந்தார்கள். அவர்களில் டார்வினும் ஹக்ஸ்லியும் இருந்தனர்.

எனினும் கிளாட்ஸ்டனின் ஆதரவு ஓவனுக்கு இருந்தது. 1863இல் நிலம் வாங்க நாடாளுமன்றம் இணங்கியது. அல்பிரட் வோட்டர்ஹவுஸ் வரைந்த கட்டிடத்தின் வேலை 1873இல் தொடங்கி, 1881 ஏப்ரல் 18ஆம் திகதி அதன் வாசல் திறந்தது. அதற்கு நான்காண்டு முன்னரே கொழும்பில் கிரகரியின் நூதனசாலை எழுந்துவிட்டது! றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை சேர்த்துவைத்தவை அதற்கு அடித்தளமாயின. ஜேம்ஸ் சிமிதர் வரைந்தார். வாப்பிச்சி மரைக்கார் கட்டினார். என்ன கைம்மாறு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் கதவை மூடுங்கள் என்று மட்டும் மரைக்கார் கேட்டார் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பேரப்பிள்ளைகள் இருவரை லண்டன் நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு. மண்டபத் தூண்களிலிருந்து மேலே வளைவுகளில் ஏறும் சுடுமண் குரங்குகளை முதலில் கண்டுபிடித்தவன் இளையவனே. கட்டிடத்தின் கிழக்குப் பக்கச் சிற்பங்கள் எல்லாம் அழிந்துபோன உயிரினங்கள், மேற்குப் பக்கம் உயிரோடு இருப்பவை. ஓவனின் விருப்பம் அது. அந்த ஒழுங்கைச் சொன்னதும் மூத்தவள் ஒவ்வொரு சிற்பத்தையும் எண்ணத் தொடங்கிவிட்டாள். பொறியினால் அசைந்து உறுமும் டைரனோசரஸ் முன்னே இளையவன் என் தோளில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டான். பொம்மை என்று எத்தனை முறை சொன்னாலும் நான்கு வயதுக்கு அது விளங்குவதில்லை, விளங்கவும் வேண்டாம்.

மைய மண்டபத்தில் 1979 முதல் 2017 வரை நின்றது 'டிப்பி' எனப்பட்ட டிப்ளோடோகஸ். அமெரிக்கச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னகி 1905இல் வழங்கிய அது சாந்தில் வார்த்த பிரதிதான். ஓர் எலும்புகூட உண்மையானதன்று. இப்போது அவ்விடத்தில் தொங்குவது 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கலத்தின் மெய்யான எலும்புக்கூடு. 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்பர்ட் கரையில் ஒதுங்கிய உயிர் அது. கிரகரியின் அயர்லாந்திலிருந்தே அந்தத் திமிங்கலம் வந்து ஓவனின் மண்டபத்தை நிறைத்திருக்கின்றது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மப்பா, இது எங்கட கடலிலயும் இருக்கா?" என்று கேட்டாள் மூத்தவள். திருகோணமலைக் கடலிலும் மிரிச அருகிலும் நீலத் திமிங்கலங்கள் வருகின்றன என்றேன். அவள் பிறந்தது லண்டனில். 'எங்கட' என்று அவள் சொன்னது எந்தக் கடலை என்று நான் கேட்கவில்லை.

இலங்கையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இடம் இல்லாமலில்லை. கொழும்பு நூதனசாலையின் அதே வளவில் 1986இல் தனியே ஓர் இயற்கை வரலாற்று நூதனசாலை திறக்கப்பட்டது. பிள்ளைகளிடம் சொல்லச் சுவையான விடயங்கள் நம் மண்ணில் நிறையவே உண்டு. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக நீண்டகாலம் இருந்த பி. இ. பி. தெரணியகல, இரத்தினபுரிப் பகுதியின் மாணிக்கக் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்களை இனங்கண்டார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இத்தீவில் ஒருகாலத்தில் சிங்கமும் வாழ்ந்தது என்று 1939இல் எழுதினார். சிங்கத்தின் பெயரால் இவ்வளவு அரசியல் நடந்த நாட்டில், மெய்ச் சிங்கத்துக்குச் சாட்சியாக எஞ்சியவை இரண்டே பற்கள்.

ஆனால் இத்தீவின் இயற்கை வரலாற்றில் முதன்மையான ஓர் ஆவணம் லண்டனில் இருக்கின்றது. போல் ஹேர்மன் என்ற வைத்தியர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் 1670களில் இலங்கையில் இருந்தபோது செடிகொடிகளைப் பறித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டினார். நம் நாட்டவர் அன்று வழங்கிய பெயர்களை லத்தீன் எழுத்தில் குறித்தார். அவர் 1695இல் இறந்த பின் கைமாறிப்போன அத்தொகுதிகளை வைத்தே, இலங்கையைக் கண்ணால் காணாத லின்னேயஸ் 1747இல் 'ஃப்ளோரா செய்லானிக்கா' என்ற நூலை எழுதினார். பின்னர் ஜோசப் பாங்ஸ் அவற்றை விலைக்கு வாங்க, அவர் வழியாகப் பிரித்தானிய நூதனசாலையை அடைந்து, இப்போது சவுத் கென்சிங்டனில் உள்ளன. நம் கறுவாவுக்கும் வேறு நூற்றுக்கணக்கான செடிகளுக்கும் உலகம் இட்ட அறிவியற் பெயர்களின் வேர் அந்தத் தாள்களில் இருக்கின்றது.

எனினும் அங்கே போகும் பிள்ளை அவற்றைக் காணாது. ஓவனுக்குப் பின் 1884இல் பொறுப்பேற்ற வில்லியம் ஹென்றி ஃபிளவர், அந்த ஒன்பது அறிஞர்கள் கேட்டதையே நடைமுறைப்படுத்தினார்: காட்சிக்குச் சில, ஆய்வுக்குப் பல. பிள்ளைகளைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆயிரம் வண்டுகளைப் பார்த்த பிள்ளை ஒன்றையும் பார்க்காத பிள்ளைதான். ஆனால் எந்தச் சில, எவருக்காகத் தெரியப்பட்டவை என்ற கேள்வி, பூட்டிய கதவுக்குப் பின்னால் தன் ஊரின் செடி கிடப்பதை அறிந்தவனுக்கு எழவே செய்யும்.

ஹேர்மனின் தாள்களைப் படம்பிடித்து நூதனசாலை இணையத்தில் இட்டிருக்கின்றது. வீடு திரும்பிய பின் மூத்தவளுக்கு அவற்றைக் காட்டினேன். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் பறித்த கறுவா என்று சொன்னேன். திரையருகே மூக்கைக் கொண்டுபோய்க் கேட்டாள்: "இன்னும் மணக்குமோ, அம்மப்பா?"