ஈசிஆருக்கு முன்னால் எண்ணூர்

லீவு விட்டாச்சு. ஈசிஆரில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, சுட்ட நண்டும் இறாலும் ஆர்டர் பண்ணப் போறவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. போங்க, நல்லா சாப்பிடுங்க. டாக்டர் கொலஸ்ட்ரால் பத்தி ஆரம்பிச்சுட்டார்னு பயப்பட வேண்டாம். இன்னிக்கு வரலாறு மட்டும்தான்.

கடலோர விருந்துன்னதும் நமக்குக் கோவளம்தான் ஞாபகம் வருது. அங்கே இருக்கும் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், பழைய கோட்டை ஒன்று இருந்த இடத்தில் 1970களில் எழுந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை அது. ஆனா, துரைமார் காலத்து மெட்ராஸ் கடலோரத்தில் மீன் சாப்பிடக் கிளம்பினால் தெற்கே போகவில்லை. வடக்கே போனது. எண்ணூருக்கு!

ஆமாம், இன்னிக்குப் பேரைக் கேட்டாலே புகைக்கூண்டு கண்ணுக்கு முன்னால வருமே, அதே எண்ணூர்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வெள்ளைக்காரர்கள் அங்கே கழிமுகத்தை ஒட்டி பங்களா கட்டினார்கள், உப்பங்கழியில் பாய்மரப் படகு விட்டார்கள், அங்கே பிடித்த மீனை அங்கேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டார்கள். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் மெட்ராசையும் எண்ணூரையும் இணைத்துக் கால்வாய் வெட்டி முடித்தார். உப்பும் விறகும் நகரத்துக்கு வந்த வழி அது. இரண்டு தலைமுறை கழித்து, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது கவர்னராக இருந்தவரின் பெயர் அதுக்கு வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய்.

இதுல என் துறைக்கும் ஒரு பங்கு இருக்கு. அந்தக் காலத்து டாக்டர்கள் காய்ச்சலுக்குக் கெட்ட காற்றுதான் காரணம்னு நம்பினாங்க. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்றுன்னுதான் பொருள். குற்றவாளி கொசு என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல்தான். அதுவரைக்கும் கடற்காற்று வாங்கிட்டு வாங்கன்னு சொல்றதுதான் வைத்தியம். நல்ல காற்றுக்கு எண்ணூர் பக்கம் போனாங்கன்னு இன்னிக்கு மணலியிலோ கத்திவாக்கத்திலோ சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க.

சரி, மீனுக்கு வருவோம். அங்கே ஏன் அவ்வளவு ருசியான இறாலும் நண்டும்? காரணம் கலப்பு. கொசஸ்தலை ஆறு கொண்டுவரும் நல்ல தண்ணி ஒரு பக்கம், கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் உப்புத் தண்ணி இன்னொரு பக்கம். புழல் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீரும் மணலி, சடையங்குப்பம் வழியா எண்ணூர்ப் பக்கம்தான் கடலைத் தேடிப் போகும். வெள்ளை இறால் முட்டை விடுவது கடலில். குஞ்சு அலையோடு கழிமுகத்துக்குள் வந்து, சேற்றிலும் கண்டல் வேரிலும் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். இறாலுக்குக் கழிமுகம் ஒரு பால்வாடி மாதிரி. அதை மூடினால் எண்ணூர்க்காரருக்கு மட்டுமில்ல, காசிமேட்டு வலைக்கும் இறால் குறையும்.

புழலைப் பத்தி இன்னொன்று. 1872லிருந்து மெட்ராசுக்குக் குழாய்த் தண்ணி கொடுத்தது புழல் ஏரிதான். காசிமேட்டு மீன், புழல் தண்ணி, வடசென்னை அனல்மின் நிலையத்துக் கரண்ட் மூணும் சேர்ந்ததுதான் இந்த நகரத்தோட சாப்பாட்டு மேசை. ஏசி போட்ட சீஃபுட் ரெஸ்டாரன்ட் மெனு கார்டில் இதெல்லாம் எங்கேயும் இருக்காது.

எண்ணூரில் 1970இல் முதல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அப்புறம் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம், நிலக்கரிக் கிடங்கு, உரம், பெட்ரோலியம். குழாயில் கசிந்த சாம்பல் கொசஸ்தலையில் படிந்தது. 2017 ஜனவரி 28 அன்று கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இளைஞர்கள் வாளியால் அள்ளியதை டிவியில் பார்த்திருப்பீங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அதை அள்ளியவர்களும் மீனவர்கள்தான். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோட ஜனங்க குழந்தைகளைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. மருத்துவமனை வரைக்கும் போனவங்க பலர்.

இதுக்காக யாரும் மீனை விட்டுடாதீங்க. ஆழ்கடல் மீன் வேற, கழிமுகத்து ஆளி வேற. ஆளி தான் இருக்கிற தண்ணியை வடிகட்டித்தான் சாப்பிடும். தண்ணில இருக்கிறது அதோட உடம்புலயும் சேரும். அதனால, எங்கே எடுத்ததுன்னு தெரியாத ஆளியைப் பச்சையா சாப்பிடாதீங்க, அவ்வளவுதான். ஹோட்டல் இறாலில் பாதிக்கு மேல இப்போ குளத்தில் வளர்த்த வனாமியா இருந்தாலும் ஆச்சரியமில்ல. பசிபிக் கடல் இனமான அதைப் பண்ணையில் வளர்க்க இந்தியா 2009இல்தான் அனுமதித்தது. கழிமுகம் செத்தாலும் தட்டுல இறால் வந்துட்டே இருக்கும். நமக்கு ஒண்ணுமே தெரியாமப் போறது அதனாலதான்.

தெரியுறது காட்டுக்குப்பத்துக்காரங்களுக்கு. எண்ணூர்க் கழிமுகத்தில் பாடுன்னு ஒரு முறை உண்டு. நல்ல இடத்தையும் மோசமான இடத்தையும் எல்லாரும் சமமாப் பகிர்ந்துக்கணும்னு, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டணும் என்பதை ஊரே முறை வைத்துப் பிரிக்கும். துரைமார் மேசைக்கு இறால் போட்டதும் இந்தக் கழிமுகம்தான். இப்போ சாம்பலால் தூர்ந்து, முழங்கால் தண்ணிகூட நிற்காத இடங்கள் அங்கே உண்டு. அந்த இடத்தில் பாடு விழுந்தவர், முறை வந்த அன்னிக்கும் வெறும் வலையோடதான் வீட்டுக்குப் போகணும்.