ஐயாயிரம் அடிக்குக் கீழே

காட்டை வெட்டினால் மழை குறையுமா என்ற கேள்வி இலங்கை மலைநாட்டில் கோப்பிக் காலத்திலேயே எழுந்துவிட்டது. 1830களுக்குப் பின் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. சப்ரகமுவவில் இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களிலும் தோட்டங்கள் திறக்கப்பட்டன. 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், காடழிப்பு தட்பவெப்பத்தைக் கெடுக்கும் என்று லண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு எழுதினார். ஆளுநர் வில்லியம் கிரகரியின் ஆட்சியில் 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளின் விற்பனை நிறுத்தப்பட்டது.

அந்த வாதத்தைத் தாங்க அன்று நீண்டகால மழைப் பதிவுகள் இருக்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1880களில் இந்தியாவின் மத்திய மாகாணப் பதிவுகளை ஆராய்ந்து, காடு மழையைக் கூட்டும் என்ற பக்கம் சாய்ந்தார். ஆனால் மழை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் அளவு பெரிது. அதற்குள் காட்டின் பங்கைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

சப்ரகமுவவின் இரத்தினபுரியில், காடு மழையைக் கூட்டுமா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு நியாயமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரம் சிவனொளிபாதமலைத் தொடரில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து கொட்டுகிறது. ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். மலையை மொட்டையாக்கினாலும் அந்தக் காற்று வரத்தான் செய்யும். ஆனால் பெய்த மழையை எது தாங்கும் என்பது வேறு கேள்வி. வேர் போன சரிவில் மண் நில்லாது என்பதற்குப் பதிவேடு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் மண் பற்றிய அந்தக் கேள்வி மழை விவாதத்தில் பின்னுக்குப் போனது.

விற்பனை நிறுத்தப்பட்ட எல்லையான 5,000 அடி என்பது 1,524 மீற்றர். சப்ரகமுவத் தோட்டங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே கிடக்கின்றன. சிவனொளிபாதத்தின் உச்சிக்காடு தப்பியது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, கேகாலைச் சரிவுகள் தேயிலைக்கும், 1900க்குப் பின் இறப்பருக்கும் போயின. 1882இல் வின்சென்ட் என்ற வன அதிகாரியின் அறிக்கை கிராமத்தவர் காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கையைக் கடுமையாகக் கண்டித்தது. 1885இல் வனச் சட்டம் வந்தது. சேனைக்காரன் காட்டை அழிப்பவனானான். தோட்டத் துரைமார் வெட்டிய மலை மட்டும் முன்னேற்றக் கணக்கில் சேர்ந்தது.

இன்றைய ஐயம் வேறு விதமானது. புவி சூடாகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே தகராறு இல்லை. ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். இலங்கையின் மொத்த மழை கூடுமா குறையுமா என்பதில் மாதிரிகள் ஒத்துப்போவதில்லை; கனமழை கடுமையாகும் என்பதில் அவ்வளவு வேறுபாடு கிடையாது.

சப்ரகமுவவில் அந்தக் கனமழையின் எடையைச் சுமப்பது சரிவுதான். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் சூறையாடின. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே மழையில் புளத்கொஹுபிட்டியத் தோட்டக் குடும்பங்களும் மண்ணில் புதைந்தன. 2017 மே மாதத்தில் மீண்டும் பேரழிவு.

எந்தச் சரிவு எந்த நேரத்தில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு எச்சரிக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100இல் ஆயத்தம், 150இல் வெளியேற்றம். சரியாத இடங்களுக்கும் இந்த எச்சரிக்கை போகும். இரண்டு முறை வீணாய் வெளியேறியவர் மூன்றாம் முறை தயங்குவார். சொந்த நிலம் இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு வெளியேறுவதென்றால், தோட்டப் பாடசாலையிலோ கோயிலிலோ போய்த் தங்கி, மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புவதுதான்.